ஒரு துண்டு தொலைந்தால் என்ன ஆகும்? எல்.கே.ஜி. வகுப்புக்கு எதை வாங்குவது, எதைச் செய்துகொள்வது

பள்ளி திறப்பதற்கு முன்னால், "எல்.கே.ஜி.க்கு என்னென்ன ஆக்டிவிட்டி சாமான் வேணும், லிஸ்ட் கொடுங்க மிஸ்" என்று நிர்வாகம் கேட்கும். கையில் இருப்பது ஒரு கேட்லாக். அதில் எல்லாமே பளபளவென்று இருக்கும், எல்லாவற்றுக்கும் கீழே "மூளை வளர்ச்சிக்கு" என்று போட்டிருக்கும். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு பொருளிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகளின் கை இதில் படும்? இதில் ஒரு துண்டு தொலைந்தால் என்ன ஆகும்?

இரண்டாவது கேள்விதான் பணத்தைக் காப்பாற்றும். பத்துக் கட்டை கொண்ட கோபுரத்தில் ஏழாவது கட்டை தொலைந்தால் கோபுரமே போயிற்று. மீதி ஒன்பதும் அலமாரியில் தூங்கும். 200 புளியங்கொட்டையில் 12 தொலைந்தால் யாருக்கும் தெரியாது. முன்னதைச் செட் சாமான் என்றும் பின்னதைக் குவியல் சாமான் என்றும் வைத்துக்கொள்வோம். நாலு வயதுப் பிள்ளைகள் இருக்கும் அறையில் துண்டுகள் தொலைந்தே தீரும்: சட்டைப்பையில், ஸ்நாக்ஸ் டப்பாவில், ஜன்னலுக்கு வெளியே.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வகுப்பு இது: 24 பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு ஆயா, தரையில் பாய், 40 நிமிடப் பீரியட். ஆறு ஆறு பேராக நாலு கூட்டம்.

மாண்டிசோரி சாமான்கள்

1939இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். அதனால் சென்னைக்கு இந்தப் பெயர் புதிதல்ல. இன்றைக்குத் தெருவுக்கு ஒரு போர்டில் அந்தப் பெயர் தொங்குகிறது, அது வேறு கதை.

சாமான்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இளஞ்சிவப்புக் கோபுரத்தையே பாருங்கள். பத்துக் கனசதுரங்கள், மிகச் சிறியதன் பக்கம் 1 செ.மீ., மிகப் பெரியதன் பக்கம் 10 செ.மீ., இடையில் ஒவ்வொன்றும் சரியாக 1 செ.மீ. கூடுதல். எல்லாவற்றையும் ஒரே மூலையை ஒட்டி அடுக்கினால் எதிர்ப்பக்கங்களில் 1 செ.மீ. அகலத்தில் படிகள் விழும். மேலே இருக்கும் குட்டிக் கட்டையை எடுத்து அந்தப் படிகளில் வைத்து நகர்த்தினால் ஒவ்வொரு படியிலும் கச்சிதமாக உட்காரும். வரிசை தப்பினால் உட்காராது. டீச்சர் வாயைத் திறக்க வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும்.

விலை மலிவான செட்டில் முதலில் காணாமல் போவது இந்தக் கச்சிதம்தான். பத்துக் கட்டையில் இரண்டு மூன்று 2 மி.மீ. பிசகினாலே குட்டிக் கட்டை சில படிகளில் துருத்திக்கொண்டு நிற்கும். அப்புறம் அது பெயிண்ட் அடித்த மரத்துண்டு மட்டுமே. கடையிலேயே ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். குமிழ் வைத்த உருளைகளைக் குழிகளில் போடும் பலகை என்றால் பத்து உருளையையும் போட்டு எடுத்துப் பாருங்கள். சரியாகக் காயாத மரம் ஐப்பசி மழையில் ஊதும். உருளை குழிக்குள் இறுகிவிட்டால் பிள்ளையால் இழுக்க முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் நேர அட்டவணை. ஒரு கோபுரம் என்பது ஒரு பிள்ளைக்கான வேலை. இடையில் மணி அடிக்காத நீண்ட காலை வேளையையும், பல வயதுப் பிள்ளைகள் கலந்து அவரவர் வேலையில் இருக்கும் அறையையும் மனதில் வைத்து உருவான சாமான் அது. 40 நிமிடத்தில் ஒரு கோபுரத்தை 24 பேருக்கும் சுற்றவிட்டால் ஆளுக்கு 2 நிமிடம்கூட வராது. மற்ற 23 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பயிற்சி பெற்ற டீச்சரும் தடையில்லாத இரண்டு மூன்று மணி நேரமும் உள்ள பள்ளி தாராளமாக வாங்கலாம். பீரியட் போட்டு நடக்கும் வகுப்புக்கு இது அலமாரி அழகு.

கட்டைகள்: கேட்லாக் வேண்டாம், ஆசாரி போதும்

பணத்தில் பெரும்பங்கைக் கட்டைகளில் போடலாம். குவியல் சாமான்களில் இதுதான் ராஜா. நியூயார்க்கில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை நூறாண்டுக்கு முன் வடிவமைத்த அலகுக் கட்டைகள் இன்றும் பழசாகவில்லை. காரணம் அதன் விகிதம்: கனம் 1, அகலம் 2, நீளம் 4. நம் அளவில் 3.5 × 7 × 14 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ஆசாரிக்குச் சொல்ல எளிது. இதுவே ஒரு கட்டை. இதில் பாதி (7 × 7 × 3.5) அரைக் கட்டை, இரட்டிப்பு (28 × 7 × 3.5) நெடுங்கட்டை.

தொடக்கத்துக்கு 50 கட்டை, 30 அரைக் கட்டை, 20 நெடுங்கட்டை, ஆக 100 துண்டுகள் போதும். ஒரு கூட்டத்தில் நாலு பேர் கட்டினால் ஆளுக்கு 25 வரும். மொத்த மரம் ஏறக்குறைய 1.3 கன அடி. ரம்பத்தில் போவது, இழைப்பில் போவது, முடிச்சு விழுந்து கழிப்பது எல்லாம் சேர்த்து 2 கன அடி வாங்குங்கள். முடிந்த பின் முழுக் குவியலும் 20 கிலோவுக்குக் குறையாது. ஒரே பெட்டியில் போட்டால் ஆயாவின் முதுகு போய்விடும். நாலு கூடைகளாகப் பிரியுங்கள்.

என்ன மரம்? நன்றாகக் காய்ந்த வேம்பு நல்லது: பூச்சி அவ்வளவாக அண்டாது, கசப்பினால் வாயில் வைக்கும் பழக்கமும் குறையும். மாமரம் மலிவு, ஆனால் துளைக்கும் வண்டு வரும். ரப்பர் மரம் பதப்படுத்தியதாக இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் அதற்கும் அதே கதி. இடித்த வீட்டு நிலை, கதவு மரம் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று கை நீட்டுபவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். உள்ளே முறிந்த ஆணி இருக்கும். மேலே பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதைத் தேய்த்தால் தூளாகக் காற்றில் கலக்கும். பெயிண்ட் அடித்த பழைய மரத்தை விட்டுவிடுங்கள்.

ஆசாரியிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: எல்லாத் துண்டின் கனமும் ஒரே அமைப்பில், ஒரே நாளில் இழைத்து முடிய வேண்டும். நாலு கட்டையைப் படுக்கவைத்து அடுக்கினால் நிற்கவைத்த ஒரு கட்டையின் உயரம் வர வேண்டும். கனம் 3.5க்குப் பதில் 3.6 ஆனால் நாலு அடுக்கில் 4 மி.மீ. கூடும். ஒரு பக்கம் நிற்கவைத்த கட்டை, இன்னொரு பக்கம் நாலு அடுக்கு, மேலே நெடுங்கட்டை என்று பிள்ளை பாலம் கட்டும்போது பாலம் சாய்ந்து ஆடும். தன் கை சரியில்லை என்று பிள்ளை நினைக்கும், சரியில்லாதது இழைப்பு. வாங்கும்போது பத்துக் கட்டையைப் படுக்க அடுக்கி அளந்து பாருங்கள். 35 செ.மீ. வர வேண்டும். 3 மி.மீ. முன்பின் இருந்தால் விடலாம், அதற்கு மேல் என்றால் திருப்பிக் கொடுங்கள்.

விளிம்புகளை மழுக்கி, உப்புத்தாளில் 80, 120, 180 நம்பர் என்ற வரிசையில் தேய்த்தால் போதும். வார்னிஷ் வேண்டாம், வண்ணமும் வேண்டாம். வண்ணம் அடித்தால் பிள்ளைகள் சிவப்பைச் சிவப்போடு சேர்ப்பார்கள். நீளத்தை நீளத்தோடு ஒப்பிட மாட்டார்கள்.

ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் கட்டைகளுக்கும் ஓர் இடம் உண்டு. கழுவலாம், லேசு, வீழ்ந்தால் சத்தம் குறைவு. ஆனால் மலிவான பாக்கெட்டில் பிடிப்பு ஒன்று மிகவும் இறுகும், இல்லை தளரும். இறுகினால் "மிஸ், எடுத்துக் குடுங்க" என்று வரிசை நிற்கும். டீச்சரின் 40 நிமிடமும் அதிலேயே கழியும். முதலில் ஒரே ஒரு பாக்கெட் வாங்கி நாலு வயதுப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்துப் பத்து முறை மாட்டிக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். ஆறு பேருக்கு 150 துண்டுக்குக் குறைந்தால் சண்டை. சக்கரங்களை முதல் மாதம் எடுத்து ஒளித்துவிடுங்கள். பெட்டியில் சக்கரம் நாலு இருக்கும், அதை வேண்டுபவர்கள் ஆறு பேர்.

பொம்மை என்று விற்கும் எதற்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். மின்சாரம் இல்லாதவற்றுக்கு ஐ.எஸ். 9873, மின்சாரத்தில் இயங்குபவற்றுக்கு ஐ.எஸ். 15644. பதிவு செய்த கைவினைஞர்களின் பொருட்களுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. அதனால் சன்னபட்டணத்து மர பொம்மையில் முத்திரை இல்லையென்று பயப்பட வேண்டாம். வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்கு ஏற்றிய சாமான் அது.

எழுத்து: வாங்காதீர்கள், செய்யுங்கள்

கடையில் தமிழ் எழுத்துப் பெட்டி என்று விற்பதில் பாதி, வேறு மொழிக்கு ஆன யோசனையை அப்படியே நம் எழுத்தின்மேல் போர்த்தியது. க, ச, ட என்று தனித்தனியாக வெட்டி, துணையெழுத்துகளையும் தனியாகத் தந்திருப்பார்கள். கால், கொம்பு, இணைக்கொம்பு வரை சரி: கா, கெ, கை எல்லாம் பக்கத்தில் வைத்தால் அமைந்துவிடும். உகரத்தில் கதை கந்தலாகும். கு, சு, து, மு, ணு என்று ஒவ்வொன்றிலும் உகரக் குறி ஒவ்வொரு மாதிரி மெய்யோடு ஒட்டிப் பிறக்கிறது. தனித்துண்டாக வெட்டவே முடியாது. டி, டீயிலும் அதே சிக்கல். அப்படி ஒரு பெட்டி கண்ணில் பட்டால் முதலில் அதில் "து" எழுதிப் பாருங்கள். வராவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். பழைய அறையில் கிடக்கும் மர எழுத்துகளையும் சரிபாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, ணா வடிவங்கள் அதில் ஒளிந்திருக்கலாம்.

எல்.கே.ஜி.க்கு 247 எழுத்தும் தேவையில்லை. உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 உப்புத்தாள் அட்டைகள் போதும். இவற்றைச் செய்ய இரண்டு பேருக்கு ஒரு சனிக்கிழமை ஆகும்.

உப்புத்தாள் 150 அல்லது 180 நம்பர். 80, 100 நம்பரில் ஐந்து எழுத்து தடவியதும் விரல் எரியும். 320க்கு மேல் போனால் விரலுக்கு ஒன்றுமே தெரியாது. எழுத்தின் உயரம் 10 செ.மீ., கோட்டின் அகலம் 1 செ.மீ., அதாவது பிள்ளையின் ஆள்காட்டி விரல் அகலம். வழக்கமான ஒரு தாளில் நாலு எழுத்து வரும். 31க்கு எட்டுத் தாள், வெட்டுவதில் பிழை வந்தால் அதற்கும், ஔ, ஈ போன்ற அகலமான எழுத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டு வாங்குங்கள்.

தாளின் முதுகில் வரைந்துதான் வெட்ட வேண்டும். எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான்: முதுகில் நேராக வரைந்தால் திருப்பும்போது கண்ணாடி எழுத்தாகிவிடும். ப தப்பித்துக்கொள்ளும், ட, க, ச மாட்டிக்கொள்ளும். எழுத்தைச் சாதாரணத் தாளில் எழுதி, ஜன்னல் கண்ணாடியில் திருப்பி வைத்து அந்தப் பக்கத்தைப் படியெடுத்து ஒட்டி வெட்டுங்கள். கத்தரிக்கோல் மழுங்கிப்போகும், பழையதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கனமான அட்டையிலோ 3 மி.மீ. ஹார்டுபோர்டிலோ ஒட்டலாம். ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி, மேலே புத்தகம் அடுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். அவசரப்பட்டால் மழைக்காலத்தில் ஓரம் சுருளும், சுருண்ட ஓரத்தைப் பிள்ளைகள் பிய்ப்பார்கள். விரல் வைக்கத் தொடங்கும் இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வையுங்கள். பொட்டு இல்லாவிட்டால் பிள்ளை ட-வைக் கீழிருந்து மேலே இழுக்கும், நோட்டிலும் அதே பழக்கம் வரும்.

இதற்கு மாற்றாகப் பசை தடவி மணல் தூவுவது இரண்டு மாதத்தில் உதிரும். ரவை தூவினால் எறும்பு வரும்.

எழுதிப் பழக மணல் தட்டு: 30 × 40 செ.மீ. தட்டு, அடியில் கருநீலத் தாள், மேலே 1 செ.மீ.க்கு மிகாமல் மணல். கனம் கூடினால் அடித்தாள் தெரியாது, கோடு மங்கும். ஆற்று மணலைச் சலித்து, கழுவி, காயவைத்துப் பயன்படுத்துங்கள். கட்டடம் கட்டும் எம்-சாண்ட் வேண்டாம். அதில் கல்தூள் அதிகம், பிள்ளைகளின் மூச்சுக்கு ஆகாது. ஆறு தட்டு இருந்தால் ஒரு கூட்டத்துக்குச் சரி.

எண்ண, கோக்க, அளக்க

இங்கே வாங்குவதற்கு அதிகம் இல்லை. புளியங்கொட்டை 300, சோழி 100. கொட்டையைக் கழுவி இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு எடுக்காவிட்டால் வண்டு துளைத்து மாவாக்கும்.

எதை வைக்கக்கூடாது என்பதில் கறாராக இருங்கள். குன்றிமணி அழகாக இருக்கும், கோலம் போல வரிசையாக அடுக்கலாம், ஆனால் உள்ளே கொடும் நஞ்சு. கடித்து உடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்குக் கொட்டையும் அப்படியே. மஞ்சாடி விதை வேறு, கருப்புப் பொட்டு இல்லாமல் முழுச் சிவப்பு. ஆனால் அதற்கே ஆனைக்குன்றிமணி என்றும் பெயர் இருப்பதால், சிவப்பு விதையே வகுப்புக்குள் வேண்டாம் என்று வைத்துக்கொள்வது நல்லது. காய்ந்த பட்டாணியும் கொண்டைக்கடலையும் வேறு மாதிரி தொல்லை: மூக்கில் போட்டுக்கொண்டால் ஈரத்தில் ஊறிப் பெருக்கும். காந்தம், பட்டன் பேட்டரி உள்ள எதுவும் கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் அதே அறையில் இருந்தால், அட்டையில் 32 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழையும் எதையும் அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். 27 மி.மீ. பத்து ரூபாய் நாணயமே அதற்குள் போய்விடும் என்றால் அளவு புரியும்.

எண்ணும் தட்டுக்குப் பல்லாங்குழிப் பலகை வாங்கத் தோன்றும். அது 14 குழி, யு.கே.ஜி.யில் ஆட நன்றாக இருக்கும், எல்.கே.ஜி.யில் பத்தை உணரவைக்க உதவாது. 30 முட்டை பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டு ஐந்துக்கு ஆறு குழி. அதைச் சோப்புப் போட்டுக் கழுவி மூன்றாக வெட்டினால் ஐந்துக்கு இரண்டாக மூன்று பத்துக்குழித் தட்டு. இரண்டு முட்டைத் தட்டில் ஆறு பிள்ளைக்கும் ஆயிற்று. பத்துக் குழியும் நிறைந்து ஒரு கொட்டை வெளியே நின்றால் பதினொன்று. நம் மொழி இங்கே கைகொடுக்கிறது, பத்தும் ஒன்றும் பெயரிலேயே இருக்கிறது. தொண்ணூறில் மட்டும் காலை வாரும்: அதன் பெயரில் நூறு நுழைந்துவிட்டது. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் பிள்ளைகள் "ஒன்பது பத்து" என்றால் சிரிக்காதீர்கள், கணக்கு சரிதான்.

கோக்கும் மணி 20 மி.மீ.க்குக் குறையாமல், துளை 5 மி.மீ. இருக்கட்டும். ஷூ லேஸ்தான் நூல். நுனி பிரிந்தால் ஃபெவிகாலில் முக்கிக் காயவையுங்கள்.

அளக்கப் பாத்திரக்கடைக்குப் போங்கள். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. ஒவ்வொன்றும் முந்தையதன் இரட்டிப்பு; மேலே சொன்ன கட்டைகளின் அதே விகிதம். எவர்சில்வரில் இரண்டு வரிசையும் ஒரு அகலத் தாம்பாளமும் இருந்தால் நாலு பிள்ளைகள் அரிசியை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

பிசைய: களிமண்ணா, மாவா, கடைக் களியா

கடையில் விற்கும் எண்ணெய்க் களி நாலு வயது விரலுக்குக் கடினம். நாலு நாளில் ஆறு நிறமும் கலந்து ஒரே பழுப்பாகிவிடும், பாயில் கறையும் விடும்.

மைதா மாவு நிறத்துக்கும் மென்மைக்கும் நல்லது. மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் 2 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. கட்டியில்லாமல் கரைத்து வாணலியில் சிறு தீயில் கிளறினால் சில நிமிடங்களில் உருண்டு வரும். ஒரு கிலோ தேறும். ஆறு பேருக்குத் தாராளம். உப்புதான் கெடாமல் காக்கிறது, அதே உப்புதான் மழைக்காலக் காற்றில் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கவைக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர ஊர்களில் இதை நம்பாதீர்கள். கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் மொத்தமாக விடுங்கள்.

களிமண்ணுக்கு இணை இல்லை. விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரங்களில் குயவரிடம் சலித்துப் பிசைந்த மண் தயாராகவே இருக்கும். ஆளுக்கு ஆரஞ்சுப் பழம் அளவு, ஒரு கூட்டத்துக்கு ஒன்றரைக் கிலோ போதும். மாலையில் உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றிலும் கட்டைவிரலால் குழி போட்டு, குழியில் தண்ணீர் விட்டு, ஈரத்துணி மூடி, மூடியுள்ள வாளியில் வையுங்கள். மறந்து காய்ந்து போனாலும் நஷ்டம் இல்லை, உடைத்து ஊறவைத்தால் திரும்ப மண். சட்டை அழுக்காகிறது என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். அப்பாவின் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டி அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

எந்த வரிசையில் செலவழிப்பது

பாதிப் பணம் ஆசாரிக்கு. அடுத்து உப்புத்தாள், அட்டை, மணல் தட்டுகள், அளவுப் பாத்திரங்கள், மணி, மண். மிஞ்சினால் ஒரு பிளாஸ்டிக் கட்டைப் பாக்கெட். எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய ரெடிமேட் கிட் கடைசி. மூன்று முதல் எட்டு வயதுக்கு என்று என்.சி.இ.ஆர்.டி. 2023 பிப்ரவரியில் வெளியிட்ட ஜாதூயி பிடாரா (மாயப் பெட்டி) என்ற கற்றல் சாமான் தொகுப்பும் பெட்டிதான், ஆனால் அதை என்னென்ன வகை வேண்டும் என்பதற்கு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பொருட்களை உள்ளூரில் சேர்க்கலாம்.

வாங்கியதையெல்லாம் முதல் நாளே அடுக்கிவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் அலமாரியின் கீழ்த்தட்டில் மூன்று வகைக் கூடை மட்டும். ஒவ்வொரு கூடையின் மேலும் உள்ளே இருப்பதன் படம், பக்கத்தில் எண்ணிக்கை. மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்னால் ஒவ்வொரு கூட்டமும் தன் கூடைக்குத் திருப்பிப் போடட்டும். கட்டைக் கூடையில் 25 என்று எழுதியிருந்தால் ஆயா 25 எண்ணுவார். கொட்டைக் கூடையில் எண் எழுதாதீர்கள். அங்கே பாயில் ஒன்றும் கிடக்கவில்லை என்றால் போதும்.